கூடத்துக் கணினிக்கு லேப் எண்

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்து இரண்டு வருடமாகிறது. தபால்காரரைத் தடுக்க வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். விலாசம் அத்தையிடம் வாங்கினேன். "இப்பவாவது எழுதுறியே" என்றார். சமாதானத்துக்கு எழுதவில்லை, ஒரு சந்தேகம் கேட்க எழுதுகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

நீ போன பிறகு ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை ஒரு வெளிக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. ரத்தம் எடுக்கும் கவுண்டரை மறுபடியும் காத்திருக்கும் கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம். முடியாதவர்கள் லேப் வாசல் வரை நடக்க வேண்டியதில்லை, நல்லதுதான். அங்கே வைக்கும் கணினிக்காகக் கம்பெனிக்காரர் ஒரு படிவம் கொடுத்தார். கணினி நிற்கும் இடம், ஜோன், சப்நெட், துறைத் தலைவர் கையெழுத்து என்று நாலு கட்டம். ஜோன் கட்டத்தில் 'லேப்' என்று எழுதினேன். சப்நெட் கட்டத்தில் 'மேலே உள்ளதே' என்று எழுதினேன். இரண்டையும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல மேடம்."

"எப்படி ஒண்ணு இல்ல?"

"அது அப்படித்தான் மேடம்."

இருபத்தாறு வருடமாக லேபில் இருக்கிறேன். அது அப்படித்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டு யாரும் தப்பித்துப் போனதில்லை. ஆனால் இந்த ஆளிடம் எவ்வளவு கேட்டாலும் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாரே தவிர வாய் திறக்கவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ. இந்த நெட்வொர்க்கைக் கட்டியவள் நீ. உனக்குத் தெரியும்.

ஜோன் என்றால் என்ன, சப்நெட் என்றால் என்ன? இரண்டும் ஒன்றில்லை என்றால் ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு? பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

மூத்தவள்


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு நாள் மேஜை மேல் அப்படியே வைத்திருந்தேன். உங்கள் கொழுந்தனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பிரிச்சுத்தான் பாரேன், கடிக்கவா போகுது" என்றார். பிரித்தேன். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நேராகச் சந்தேகம். அப்படியே நீங்கள்தான்.

பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. லேப் மெஷின்கள் கணினி வைரஸால் பதினொரு மணி நேரம் நின்ற அந்த நாளைப் பற்றி விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நெட்வொர்க்கின் காவல் பெட்டியான கேட்வேயில் வழியைத் திறந்துவிட்டது நானாம். பிறகு அதன் பதிவேட்டை அழித்து மறைத்ததும் நானாம். வேலை போனதுகூடப் பரவாயில்லை. அன்று வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "தப்பு பண்ணா ஒத்துக்கணும். மறைச்சா அது ரெண்டாவது தப்பு." நான் தட்டில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில் எட்டு வருடம். அண்ணனைக் கட்டியவள் நீங்கள், தம்பியைக் கட்டியவள் நான். என்னை உங்களுக்குத் தெரியாதா?

சரி. இப்போது உங்கள் சந்தேகம்.

சப்நெட் என்பது எண்களின் தொகுதி. நம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மெஷினுக்கும் நாலு பகுதியுள்ள எண் ஒன்று உண்டு. மூன்றாவது பகுதியைப் பாருங்கள். 20 என்றால் ரத்தப் பரிசோதனை மெஷின்கள். 21 என்றால் எக்ஸ்ரே. 30 வார்டுகள். 50 காத்திருக்கும் கூடம். ஒரே சப்நெட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று நேராகப் பேசிக்கொள்ளும். வேறு சப்நெட்டோடு பேச வேண்டுமென்றால் கேட்வே என்ற பெட்டியிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறதே, அந்தப் பெட்டிதான்.

ஜோன் என்பது அந்தக் கேட்வேயின் கணக்கு. பெட்டிக்கு நாலு கால், அதாவது வயர் செருகும் வாய் நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு சப்நெட் தொங்குகிறது. எந்தெந்தக் காலை எவ்வளவு நம்பலாம் என்று நான் பிரித்து வைத்தேன். 20, 21 இரண்டு கால்களும் சேர்ந்து 'கருவி' ஜோன். 30 'உள்' ஜோன். 50 'விருந்தினர்' ஜோன். ஒரு ஜோனுக்குள் எத்தனை சப்நெட் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம். கம்பெனிக்காரர் கழுத்தைத் தடவியதில் தவறில்லை.

இங்கே துறைமுகச் சரக்குக் கிடங்கில் ஏணி ஏறி வயர் இழுக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. விண்ணப்பித்திருக்கிறேன். ஏப்ரல் 28 நேர்காணல். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து சான்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி எனக்கு என்ன சான்று தரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி
(வேறு உறவு எழுதத் தோன்றவில்லை)

பின்குறிப்பு: பதிவேட்டை நான் அழிக்கவில்லை. அதில் ஒன்றுமே பதிவாகவில்லை. இரண்டு வருடமாக அதை நினைத்துக்கொண்டே ஏணி ஏறுகிறேன்.


மார்ச் 19

சின்னவளுக்கு,

நலமா. இப்போது கேட்டுவிட்டேன், மேலே போகலாம்.

சாப்பாட்டு மேஜையில் சொன்னதைச் சொன்னேன்தான். இல்லை என்று சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி இப்போது எழுதினால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், சந்தேகம் அப்படியே கிடக்கும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு படிக்கட்டுக்கு அடியில் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன், ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. உன் கையெழுத்தில் ஒட்டிய சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. 20, 21, 30, 50. நீ எழுதும் 5 எப்போதும் போலக் குப்புறப் படுத்திருக்கிறது. பச்சை விளக்குகள் கண்ணடித்துக்கொண்டே இருந்தன. காவலாளி வந்து, "என்ன மேடம், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார்.

இப்போது என் கேள்விகள். 20-க்கும் 21-க்கும் நடுவில் கேட்வே என்ன செய்கிறது? இரண்டும் ஒரே ஜோன் என்றால் அதற்கு அங்கே என்ன வேலை? சும்மா நிற்கிறதா? ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிடுகிறது என்றால் ஏன் இரண்டு எண் வைத்தாய், ஒரே எண்ணாக வைத்திருக்கலாமே?

இன்னொன்று. நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன், சரியா பார். 20 என்பது லேபின் எண். ஒரு கணினிக்கு நான் 20-இல் ஒரு எண் கொடுத்துவிட்டால் அது லேப் ஜோனுக்குள் வந்துவிட்டது. அது எங்கே நின்றாலும் சரி, எண்தானே முக்கியம்? இந்தப் படிவத்தில் கூடத்துக் கணினிக்கு 20 என்று எழுதி, ஜோன் 'கருவி' என்று போட்டால் கம்பெனிக்காரர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். உன் வாயால் சரி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

நேர்காணலுக்கு நன்றாகத் தயார் செய். சான்று விஷயம் என் கையில் இல்லை என்று உனக்கே தெரியும்.

மூத்தவள்

பின்குறிப்பு: பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? வைரஸ் கேட்வே வழியாக வரவில்லை என்றா? வேறு எந்த வழியாக வர முடியும்?


மார்ச் 27

அக்காவுக்கு,

'சரி' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. சரியில்லை. நீங்கள் புரிந்துகொண்டது தலைகீழ். கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்துவிட்டு வேலை பார்ப்பவர்களே இதில் சறுக்குகிறார்கள்.

முதலில் சின்னக் கேள்வி. ஒரு மெஷின் "யாரங்கே?" என்று கத்தினால் அந்தச் சத்தம் அதே சப்நெட்டில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். எக்ஸ்ரே மெஷின்கள் வாயாடிகள். ரத்த மெஷின்கள் பழசு, சத்தம் அதிகமானால் தடுமாறும். அதற்காக இரண்டு சப்நெட். நடுவில் கேட்வே சும்மா நிற்கவில்லை. இங்கே வாங்கி அங்கே கொடுக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஜோன் என்று நான் சொல்லி வைத்திருப்பதால் கேள்வி கேட்பதில்லை. 50-இலிருந்து 20-க்குப் போக வேண்டுமென்றால் கதை வேறு. எந்தக் காலில் நுழைந்தாய், எந்தக் காலில் வெளியேறப் போகிறாய், அந்த ஜோனிலிருந்து இந்த ஜோனுக்குப் போக என் பட்டியலில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் எழுதும்.

இப்போது பெரிய கேள்வி. எண் என்பது மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. ஜோன் அப்படி இல்லை. அதன் வயர் கடைசியில் கேட்வேயின் எந்தக் காலில் போய்ச் சேர்கிறது என்பதுதான் ஜோன். கூடத்து வயரில் நிற்கும் கணினிக்கு 20-இல் எண் கொடுத்தால் அது கருவி ஜோனுக்குள் வராது. ஒன்றுக்கும் உதவாது. 20-காரர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக் கூடத்துக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. கேட்வேயிடம் வரவும் வராது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க யாராவது பஸ் ஏறுவார்களா?

அது வேலை செய்தது என்று யாராவது சொன்னால், எங்கோ ஒரு வயர் கேட்வேயைத் தொடாமல் லேபுக்கும் கூடத்துக்கும் நடுவில் போகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வயர் இருந்தால் கேட்வேக்கு எதுவும் தெரியாது. பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது.

உங்கள் பின்குறிப்புக்கு இதுதான் பதில். அன்று நானே லேபிலிருந்து கூடம் வரை நடந்து பார்த்தேன். அப்படி எந்த வயரும் இல்லை. மெஷின்கள் நின்று நாலு மணி நேரம் ஆன பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

'எங்கே நின்றாலும் சரி' என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அப்படிக் கேட்டீர்கள்? 20 எண் போட்ட ஒரு கணினி லேபுக்கு வெளியே நின்றது உங்களுக்குத் தெரியுமா?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள்.

சின்னவள்


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

பதில் இல்லை. பதின்மூன்று நாள். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது நீங்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் போனில் பேசிக்கொண்டார்கள். வழக்கம்போல வெயில், மழை, காரின் டயர். கடைசியில் இவர் குரலைத் தணித்து, "அண்ணி நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். "அவ ஒரு வாரமா யார்கிட்டயும் பேசல. லேப்ல இருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கிறா" என்றாராம்.

நான் கேட்டதுக்கு ஆம் இல்லை என்று ஒரு வரி போதும். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள், நம்புகிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். என் ரத்தத்தை நானே எடுத்து இரண்டு குழாயில் பிடித்தேன், ஒன்று சிவப்பு மூடி, ஒன்று ஊதா மூடி. சிவப்பில் ஒன்றும் கலந்திருக்காது. ஊதாவில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும், அதிலேயே பொட்டாசியமும் உண்டு. சிவப்புக் குழாயின் எண்ணை இன்னொரு தடவை அச்சடித்து ஊதாக் குழாயில் ஒட்டி மெஷினில் வைத்தேன். மெஷின் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது. அது படிப்பது எண்ணைத்தானே. வந்த பொட்டாசியம் அளவைப் பார்த்தால் நான் உயிரோடு இருக்க முடியாது. எண் மாறினால் குழாய்க்குள் இருப்பது மாறாது. இதை முதல் வருடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கவுண்டரை முதல் தடவை கூடத்துக்கு மாற்றினோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே வைத்த கணினியிலிருந்து, ரிசல்ட்டுகள் இருக்கும் லேப் சர்வரைப் பார்க்க வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். "எழுதிக் குடுங்கக்கா, புதன்கிழமைக்குள்ள பண்ணித் தரேன்" என்றாய். நான் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு கேட்கவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

விடவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருப்பது லேபின் சுவர்தான். பழைய குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. ஸ்டோரில் கிடந்த நீல வயரை அதற்குள் விட்டேன். ஒரு முனையை, லேப் வயர்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியிலும் மறுமுனையைக் கவுண்டர் மேஜைக்கு அடியில் இருந்த கூடத்து ஸ்விட்சிலும் செருகினேன். அந்தக் கணினிக்கு ஏற்கெனவே 50-இல் ஒரு எண் இருந்தது. டோக்கன் பலகை அதில்தான் ஓடியது, அதனால் அதை எடுக்கவில்லை. லேப் கணினி ஒன்றைப் பார்த்து, கடைசி எண்ணை மட்டும் மாற்றி, 20-இல் இரண்டாவதாக ஒரு எண் சேர்த்தேன். ரிசல்ட் திரையில் வந்தது. யாரையும் கேட்காமல் நானே செய்துவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

லேப் எண் கொடுத்தாயிற்று, ஆகவே அது லேபைச் சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகுதான், அந்த ஒரே கணினி கூடத்திலும் ஒரு கால், லேபிலும் ஒரு கால் வைத்து நின்றது என்று உறைத்தது. வைரஸ் 50 வழியாக அதற்குள் வந்து 20 வழியாக மெஷின்களுக்குப் போயிருக்கிறது. உன் கேட்வே பக்கமே வரவில்லை. பத்தொன்பது நாள் அந்த வயர் அங்கே இருந்தது.

மெஷின்கள் நின்றதும் கவுண்டரை மூடச் சொன்னார்கள். வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் மேஜை இழுப்பறையில் போட்டேன், யாராவது தடுக்கி விழுவார்கள் என்று. கணினியை நிபுணர்கள் துடைத்துப் புதிதாக்கியபோது இரண்டாவது எண்ணும் போய்விட்டது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "லேபுக்கு வேற ஏதாவது கனெக்‌ஷன் இருந்துச்சா?" எனக்கு அந்த வயர் ஞாபகம் வந்தது, சின்னவளே. வந்தது. அது நம் எண்ணுக்குள்தானே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "இல்ல" என்றேன். வயரைச் செருகியது தெரியாமல் செய்தது. 'இல்லை' என்று சொன்னதை அப்படிச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து உனக்கு நியாயம் சொன்னேன்.

நேற்று இதையெல்லாம் எழுதித் தலைமை மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. உன் பெயரை எடுத்துவிட்டுத் திருத்திய அறிக்கை வேண்டும், 28-ஆம் தேதிக்கு முன்னால் அது உன் கையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பார்சலில் இருப்பது அந்த நீல வயர். நீ இரண்டு வருடமாகத் தேடியது அது. உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

மூத்தவள்


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்து வயரைத் தரையில் நீட்டிப் பார்த்தேன். நாலு முழம்கூட இல்லை. இதற்காகவா நான் வீட்டை விட்டு வந்தேன்? இதற்காகவா இவர் தன் வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிறார்? எனக்கு அழுகை வரவில்லை. வயரை எடுத்துச் சுவரில் அடித்தேன். மூன்று தடவை அடித்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "எலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிடாது. எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது. நீங்கள் 'இல்லை' என்று சொன்னபோது நான் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரல் கேட்டது. அக்கா இருக்கிறார், ஏதாவது சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதையும் எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பார்சல் வந்த அன்று ராத்திரி நான் தூங்கினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை, நடுவில் எழுந்திருக்காமல். ஒரே கணினிக்கு இரண்டு எண்! எனக்கு அது தோன்றவே இல்லை. வெளியிலிருந்து யாரோ புகுந்தார்கள், நான் எழுதிய பட்டியலில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று வரி வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டியல் சரிதான். நான் கட்டியது சரிதான். அதை எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை, நீங்கள்தான் சொன்னீர்கள்.

திருத்திய அறிக்கை இன்னும் வரவில்லை.

எல்லாம் புரிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. புதன்கிழமைக்குள் செய்து தருகிறேன் என்றுதானே சொன்னேன். நீங்கள் கேட்டது திங்கள்கிழமை. இரண்டு நாள். ரிசல்ட் சீட்டை ஓர் ஆள் கையில் கொடுத்து அனுப்பினாலே போதும், அதுவரை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் பொறுக்க முடியாத அளவுக்கு என்ன அவசரம்? ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?

சின்னவள்


ஏப்ரல் 25

சின்னவளுக்கு,

அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். இரண்டு மாதமே பொறுத்திருக்கலாம்.

எழுத உட்கார்ந்தேன். படிவத்தின் மேலேயே அச்சடித்திருந்தது, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று. அன்று காலை வீட்டில், "இந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டுக் கிளம்பு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பத்து மணிக்கு அதே உன்னிடம் பணிவுடன் கேட்டுக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. வீட்டில் மூத்தவள், ஆபீஸில் விண்ணப்பதாரர் என்று இருக்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது பார்.

திருத்திய அறிக்கையில் நேற்றுக் கையெழுத்தாயிற்று. கூரியரில் போட்டிருக்கிறார்கள், 27-ஆம் தேதி உன்னிடம் வந்துவிடும். நானே நின்று ஒட்டச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். என்னை லேப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது கூடத்துக் கவுண்டரில் குழாய்க்கு எண் ஒட்டுகிறேன். சரியான குழாயில் சரியான எண்ணை ஒட்டுகிறேன் என்று உனக்குச் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதே சாப்பாட்டு மேஜையில். அத்தை எழுந்து போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார்.

பின்னால் இருக்கும் தாளைப் பார். தாமதமாகிவிட்டது. விதியில் இடம் இருந்தால் ஏற்றுக்கொள்.

மூத்தவள்

இணைப்பு:

பெறுநர்: நெட்வொர்க் பொறியாளர் அவர்கள்
அனுப்புநர்: துறைத் தலைவர் (முன்னாள்), ரத்தப் பரிசோதனை லேப்
கணினி நிற்கும் இடம்: காத்திருக்கும் கூடம், ரத்தம் எடுக்கும் கவுண்டர்
சப்நெட்: 50, அது மட்டும்
ஜோன்: விருந்தினர்
வேண்டுவது: மேற்படி ஜோனில் இருக்கும் இந்த ஒரு கணினி மட்டும், கேட்வே வழியாக, கருவி ஜோனில் இருக்கும் லேப் சர்வரை அடைய அனுமதி
தாமதத்துக்குக் காரணம்: விண்ணப்பதாரரின் வீம்பு

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.


மே 4

அக்காவுக்கு,

அறிக்கை 27-ஆம் தேதி சாயங்காலம் வந்தது. நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "ஜோனுக்கும் சப்நெட்டுக்கும் என்ன உறவு, சுருக்கமா சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு மூடி, ஊதா மூடி, மேலே ஒட்டிய எண் என்று உங்கள் ரத்தத்தை வைத்தே சொன்னேன். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஏணியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. ஜோன், சப்நெட் இரண்டும் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றன. அந்தக் கேட்வே இப்போது என் பொறுப்பில் இல்லாததால் விண்ணப்பத்தைக் கம்பெனிக்காரரிடம் கொடுக்கவும். தாமதத்துக்கான காரணத்தை மட்டும் கத்தரித்துவிட்டுக் கொடுக்கவும், அது என்னிடம் இருக்கட்டும்.

என் போனில் தடுத்து வைத்திருக்கும் உங்கள் எண் பற்றி நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. ஆனாலும் விண்ணப்பித்ததாகவே எடுத்துக்கொண்டேன். கோபம் முழுக்கப் போகவில்லை, அதனால் உடனே முடியாது.

புதன்கிழமைக்குள் செய்து தருகிறேன். அன்று சாயங்காலம் கூப்பிட்டுப் பாருங்கள்.

சின்னவள்